படையலில் வைத்த நோட்டுகள்

கிளவுஸ் எல்லாம் வேண்டாம் தம்பி, சும்மா கையாலயே எடுத்துப் பாருங்க. எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரரு இருந்தா உங்களைக்கூடத் தொட விட்டிருக்க மாட்டாக. அவுகளும் இப்பிடித்தான், வெள்ளைத் துணியில ஒரு கிளவுஸ் வச்சிருந்தாக. அதை மாட்டிக்கிட்டு உக்காந்தாகன்னா ஏதோ ஆப்பரேசன் பண்ணப் போற டாக்டர் மாதிரி இருக்கும். பொண்டாட்டி கையைப் பிடிக்கும்போதுகூட அவ்வளவு பதனம் கெடையாது, பாத்துக்கிடுங்க.

ஜன்னல் பக்கமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிடுங்க, அங்கன வெளிச்சம் நல்லா வரும். காப்பி ஆறிரும். மெட்ராஸ்லேருந்து தூங்காம வந்திருப்பீங்க, மொதல்ல அதைக் குடிங்க.

டப்பாவைத் தொறக்கதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிருதேன். கொஞ்ச நேரத்துல எங்க கொழுந்தன் வருவான். அவுக கூடப்பொறந்த தம்பி, தளவாய்னு பேரு, மார்க்கெட்டுல இரும்புக்கடை வச்சிருக்கான். அவன் முன்னாலதான் நீங்க சொல்லணும். எனக்குத் துட்டு வேண்டாம். இதை விக்கவும் மாட்டேன். 'உங்க அண்ணன் ஏமாளி இல்ல, விவரம் தெரிஞ்சுதான் வாங்கியிருக்காரு'ன்னு உங்க வாயால ஒரு வார்த்தை, அவன் காதுல விழணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அதுக்குத்தான் எம்மக வடிவுகிட்டச் சொன்னேன். அவ கோயமுத்தூர்ல இருக்கா. இந்த மாதிரி பழைய நோட்டுக்கு மதிப்புச் சொல்லத் தெரிஞ்சவரு ஒருத்தர் இருக்காருன்னு விசாரிச்சு உங்களைப் பிடிச்சது அவதான்.

தொறங்க, தொறங்க. எவர்சில்வர் டப்பாதான். உள்ள பட்டுத்துணியில சுத்தி வச்சிருக்கேன், என் முகூர்த்தச் சேலையில கிழிச்ச துணி. பூச்சி வராம இருக்க வசம்பு ஒரு துண்டு போட்டிருக்கேன். அவுக கட்டையா ஒரு ஆல்பத்துல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுச் சொருகி வச்சிருந்தாக. எனக்கு அது பிடிக்கல. மூச்சு முட்டுத மாதிரி இருந்துது.

அவுக கப்பல்ல இருந்தாக தம்பி. சரக்குக் கப்பல், எஞ்சின் ரூம்ல வேலை. வருசத்துல முக்காவாசி தண்ணியில, மிச்சந்தான் வீட்டுல. இந்தத் தெருவுல அப்ப கப்பல்காரன் வீடுன்னு நாலு வீடு இருந்துது. கப்பல்காரன் லீவுல வாரான்னா தெருவே வாசல்ல நிக்கும், பெட்டியைத் தொறக்கதைப் பாக்க. பக்கத்து வீட்டு எல்சி அக்காவுக்கு அவ வீட்டுக்காரரு டேப் ரிக்கார்டர் கொண்டாந்தாரு, சென்ட்டு, பூப்போட்ட கண்ணாடி டம்ளர், ஒரு தடவை மாவாட்டுத மிசினே வந்து எறங்குச்சு. எங்க வீட்டுப் பெட்டியைத் தொறந்தா நாலு அழுக்குச் சட்டை, சவரம் பண்ணுத சாமான், ஒரு தடிமனான இங்கிலீஷ் புஸ்தகம். அந்தப் புஸ்தகத்துக்குள்ள ஒரு காயிதம். அதான் அந்த வருசத்துச் சம்பாத்தியம். எனக்கு எங்கயாவது போயி மூஞ்சியை ஒளிச்சுக்கிடலாம் போல இருக்கும்.

பால்டிமோரு, கால்வெஸ்டன், சவான்னா. இந்த ஊர்ப்பேரெல்லாம் எனக்கு அத்துப்படி, நம்ம திருச்செந்தூர், ஆத்தூர் மாதிரி. அங்கன கப்பல் நின்னா மத்தவன் எல்லாம் கடைவீதிக்குப் போவான், சிலபேரு வேற எங்கயும் போவான். இவுக பழைய காசு, பழைய நோட்டு விக்கிற கடையைத் தேடிப் போவாகளாம். அங்கன ஒரு கெழவன்கிட்ட உக்காந்து, அவன் சொல்லுததைக் கேட்டுக் கேட்டுப் படிச்சிருக்காக. பொறவு புஸ்தகம் வாங்கிப் படிச்சாக.

கல்யாணமான புதுசுல எனக்குச் சொல்லித் தருவாக. அமெரிக்காவுல ஒரு காலத்துல ஊர் ஊருக்கு பேங்க் இருந்துதாம். நோட்டை அடிச்சுக் குடுக்கது கவர்மெண்டுதானாம், ஆனா அதுல அந்தந்த ஊர் பேங்கு பேரு இருக்குமாம். நம்ம ஏரல்ல ஒரு பேங்க், சாயர்புரத்துல ஒரு பேங்க், அவனவன் ஊர்ப்பேரை நோட்டுல போட்டுக்கிட்டா எப்பிடி இருக்கும்? அப்பிடி. அதுல பெரிய பட்டணத்து நோட்டுக்கு மதிப்பில்லையாம், அது வண்டி வண்டியாக் கெடக்குமாம். ஒரு தெரு, ஒரு தண்ணித்தொட்டி, ஒரு பேங்க்னு இருந்த ஊரு. பேங்கை மூடிட்டான், சனங்களும் போயிட்டாங்க. அந்த ஊரு நோட்டு ஒண்ணோ ரெண்டோதான் ஒலகத்துல மிச்சம்னா அதுக்குத்தான் மதிப்பாம். நான் கேட்டேன், ஊரே போன பொறவு நோட்டை வச்சு என்ன செய்யன்னு. அதுக்கு ஒரு சிரிப்புச் சிரிச்சாக.

சொல்லித் தருவாகளே தவிர தொட விட மாட்டாக. கையில எண்ணெய் இருக்கும், கையில உப்பு இருக்கும், கை ஈரமா இருக்கும். எப்பப் பாத்தாலும் என் கையில ஒரு குத்தம். அடுப்படியில கெடக்குதவ கை வேற எப்பிடி இருக்கும்? பீரோவுல வச்சுப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயித்துல கோத்துக்கிட்டாக. பொண்டாட்டி கழுத்துல நகையில்ல, புருசன் இடுப்புல சாவி தொங்குது. நான் குறை சொல்லல தம்பி. இருந்ததைச் சொல்லுதேன்.

அந்தப் பெருசா இருக்கதை எடுங்க, அதுதான் அவுகளுக்கு உசுரு. ஆல்பத்துல மொத உறையில இருந்தது அதுதான். எப்பிடி மொடமொடன்னு நிக்கு பாருங்க. நீங்க ரொம்பப் பக்கத்துல வச்சுப் பாக்கீங்க. கண்ணாடியை மாத்தணுமோ என்னமோ. அவுகளும் ஒரு பூதக்கண்ணாடி வச்சிருந்தாக, தேடி எடுத்தாரட்டா? வேண்டாமா? சரி.

தளவாய் இவுகளுக்கு வச்ச பேரு என்ன தெரியுமா, காயித முதலாளி. கல்யாண வீடு, சடங்கு வீடு, எங்க பாத்தாலும் 'காயித முதலாளி வந்தாச்சு, பாய் விரிங்க'ம்பான். எல்லாரும் சிரிப்பாங்க. இவுகளும் சேந்து சிரிப்பாக. எனக்குத்தான் வயிறு எரியும். வடிவு கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுல நகை பத்தாதுன்னு மூஞ்சியைத் தூக்கினாங்க. தளவாய் சொன்னான், அண்ணே அந்தக் காயிதத்தை வித்துத் தொலைன்னு. இவுக கேக்கவே இல்ல. கடைசியில தளவாய்தான் ரெண்டு வளையல் போட்டான். போட்டவன் சும்மா இருந்தானா? அதைச் சொல்லிக் காட்டாத நல்ல நாள் பொல்ல நாள் கெடையாது. அன்னைக்கு நானும்தான் கத்தினேன். கண்டவன் தலையில கட்டுன குப்பையை வாங்கிட்டு வந்து பீரோவுல வச்சுப் பூசை பண்ணுதீகளே, உங்களை மாதிரி ஏமாளி ஒலகத்துல உண்டான்னு கேட்டேன். நான் கேட்டேன், இல்லைங்கல. நான் கேக்கலாம் தம்பி. நான் அவுககூடக் குடும்பம் நடத்துனவ. இவன் யாரு கேக்கதுக்கு?

இவுககிட்ட ஒரு கெட்ட குணம், வீம்பு. ஒரு தடவை லீவுல வந்திருக்காக, நல்ல மழை. நான் பின்னால உக்காந்து சாளை மீன் கழுவிக்கிட்டு இருக்கேன். உள்ள இருந்து கூப்பிடுதாக. ஏ, இங்க வாயேன், அமெரிக்காவுல ஒரு பொம்பளை நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கா, வந்து பாருன்னு. ஊரு பூரா ஆம்பளைதான் கையெழுத்துப் போடுவானாம், இந்த ஒரு பேங்குல பொம்பளை கேசியராம். அவ்வளவு சந்தோசமாக் கூப்பிட்டாக. எழுந்திருச்சேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா, மீன் வாடையோட வராதன்னாக. எனக்கு வந்துச்சே கோவம். உங்களுக்குத்தான் இந்த மீனைக் கழுவுதேன், எனக்கா கழுவுதேன்னு சொல்லிட்டு அங்கனயே உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் பீரோ தொறந்தே கெடந்துது. பொறவு பூட்டுன சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பொறவு ஒரு நாளும் என்னைக் கூப்பிடல தம்பி. எத்தனை வருசம். ஒரு மனுசனுக்கு அவ்வளவு வீம்பு ஆகுமா, சொல்லுங்க. கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல.

போன வருசம் கார்த்திகையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாக. ஆட்டோவுல கொண்டு போகும்போது அரைஞாண்ல இருந்த சாவியை அவுத்து என் கையில வச்சு, விரலை மடக்கி விட்டாக. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கும்போது ஆள் இல்ல.

அதுக்குப் பொறவு பீரோவை நான் தொறக்கவே இல்ல. வருசத் தெவசம் வந்துது. எங்கள்ல படையல் போடுவோம். போனவுகளுக்குப் பிடிச்சது எல்லாம் எலையில வைக்கணும். வாழைக்காய்ப் புட்டு வச்சேன், கூட்டாஞ்சோறு வச்சேன், புது வேட்டி துண்டு வச்சேன். ஆனா மனசு கேக்கல. அவுகளுக்குப் புட்டா பிடிக்கும்? வேட்டியா பிடிக்கும்? எதை வச்சா அந்த மனுசன் எறங்கி வருவாருன்னு எனக்குத் தெரியாதா? அதைப் பீரோவுல வச்சுப் பூட்டிக்கிட்டு வெறும் சோத்தை வச்சுக் கும்பிட்டா அது என்ன படையல்? அதனால தெவசத்துக்கு மொத நாளு பீரோவைத் தொறந்துட்டேன்.

எடுத்துப் பாத்தா ஒவ்வொண்ணும் அழுக்கு தம்பி. பழுப்பேறிப் போயி, மடிச்ச தடத்துல கறுப்புக் கோடு. அதுகூடப் பரவாயில்ல. எனக்கு என்ன தோணிச்சுன்னா, நோட்டு எண்ணுதவன் எச்சில் தொட்டுத்தானே எண்ணுவான்? நம்ம ஊருல மட்டுமா, எந்த ஊருலயும் அப்பிடித்தானே? அத்தனை வருசம் எத்தனை பேரு எச்சில் பட்டிருக்கும் இதுல. கசாப்புக் கடைக்காரன் தொட்டிருப்பான், குடிகாரன் தொட்டிருப்பான். எச்சில் பட்டதை எலையில வைக்கலாமா? செத்தவுகளுக்கு எச்சில் படைக்கது எவ்வளவு பெரிய பாவம். அதனால எல்லாத்தையும் தண்ணியில அலசி எடுத்துட்டேன்.

சும்மா கண்டமேனிக்கு அலசல, பயப்படாதீங்க. சோப்புத்தூள் கிட்டயே கொண்டு போகல. பட்டுச்சேலைக்குப் போடுத மாதிரி பூந்திக்கொட்டையை ஊற வச்சு, நொரை எடுத்து, பித்தளைத் தாம்பாளத்துல ஊத்தி, ஒவ்வொண்ணா மெதக்க விட்டேன். கசக்கல. உள்ளங்கையில வச்சு ஒத்தி ஒத்தி எடுத்தேன், பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுத மாதிரி. நல்ல காயிதம் தம்பி, கிழியல, துணி மாதிரி இருந்துது. பொறவு ரெண்டு தண்ணி அலசி, வடிச்ச கஞ்சியில லேசா ஒரு முக்கு. பழுப்புப் போகட்டும்னு கஞ்சியில ஒரு சொட்டு நீலம் விட்டேன். அவுக வேட்டிக்கு நான் எப்பவும் அப்பிடித்தான் செய்வேன். கப்பல்ல எல்லாரும் உன் வேட்டியை யாருல வெளுக்கான்னு கேப்பாகளாம். நெழல்ல காய வச்சு, மேல மெல்லிசாத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒரு ஓட்டு ஓட்டினேன். மடிப்பு இருந்த தடமே தெரியல. நீங்களே பாக்கீங்கல்லா.

அன்னைக்கு நாள் பூரா அதுதான் வேலை. அவுக போன பொறவு அன்னைக்குத்தான் நான் நல்லா இருந்தேன் தம்பி, சும்மா சொல்லல. ஒவ்வொண்ணா எடுத்து, இது எந்த ஊரோ, இதுல இருக்க தாடிக்காரன் யாரோன்னு கேட்டுக்கிட்டே அலசினேன். கேட்டா அவுக பதில் சொல்லுத மாதிரி இருந்துது. எத்தனையோ வருசமா அந்தப் பீரோவுக்கு வெளிய நின்னவ நான். அன்னைக்குத்தான் உள்ள விட்டாக. இப்பமாவது தொட விட்டீகளேன்னு சொல்லி, தாம்பாளத்துக்கு முன்னால உக்காந்து அழுதேன். அதுல ரெண்டு சொட்டு தண்ணியிலயும் விழுந்திருக்கும். அதெல்லாம் எச்சில் ஆகாது.

சில நோட்டுல யாரோ பேனாவால கிறுக்கி வச்சிருந்தான். கீழ்ப் பக்கமா, ஊதா மையில. அது பூந்திக்கொட்டைத் தண்ணியில பட்டதும் கரைஞ்சு ஓடிருச்சு. நல்லதாப் போச்சு, நம்ம ஊருலயும் கிறுக்குன நோட்டைக் கடைக்காரன் வாங்க மாட்டானே. அச்சு மட்டும் அப்பிடியே நின்னுச்சு. அந்தக் காலத்து அச்சு.

மறுநாள் எலைக்கு முன்னால வரிசையா அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல சந்தனம் குங்குமம் தொட்டு வச்சேன். அந்தச் செவப்புப் பொட்டு அதுதான். எல்லாரும் விழுந்து கும்பிட்டாங்க. சாப்பாடு முடிஞ்சு வெத்தலை போடும்போது தளவாய் அதுல ஒண்ணை எடுத்து மேலயும் கீழயும் பாத்தான். மதினி இஸ்திரி போட்ட பொறவுதான் இது நோட்டு மாதிரி இருக்குன்னு சிரிச்சான். அதோட விட்டானா? அத்தனை சனத்துக்கு முன்னால சொன்னான்.

"எங்க அண்ணன் ஆயுசு பூரா கப்பல்ல சிந்துன வேர்வை இந்த எலையில கெடக்கு. எவனோ ஏச்சு வித்ததை வாங்கிட்டு வந்த ஏமாளிப்பய."

அப்ப படையல் போட்ட எலையைக்கூட இன்னும் எடுக்கல தம்பி. போட்டோவுல அவுக பாத்துக்கிட்டு இருக்காக. எனக்கு எங்க இருந்து அந்தத் தெம்பு வந்துச்சோ தெரியல. எங்க வீட்டு ஆளு ஏமாளியா விவரமானவரான்னு தெரிஞ்சவனைக் கூட்டியாந்து சொல்ல வைக்கேன், நீ வந்து நின்னு கேக்கணும், கேட்டுட்டு இந்தப் போட்டோ முன்னால மன்னிப்புக் கேக்கணும்னு சொன்னேன். சரி மதினி, வாரேன்னான். அவன் வாக்கு மாற மாட்டான், இன்னைக்கு வருவான்.

என்ன தம்பி? இவ்வளவு நேரமா நான்தான் பேசிக்கிட்டு இருக்கேன். அந்த நோட்டைக் கையில வச்சு எவ்வளவு நேரமாப் பாக்கீங்க. போலியா? சும்மா சொல்லுங்க, போலின்னா போலின்னு சொல்லுங்க. தளவாய் வரதுக்கு முன்னால எனக்குத் தெரிஞ்சிரணும்.

போலி இல்லையா. அப்பாடா. ஒரு நிமிசம் எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு.

எந்த எடம்? கீழ்ப் பக்கம் இடது மூலையா? ஆமா, அங்கதான் அந்தக் கிறுக்கல் இருந்துச்சு. ரெண்டு எடத்துல இருந்துது, இந்த ஓரத்துல ஒண்ணு, அந்த ஓரத்துல ஒண்ணு. ஊதா மைன்னேனே. வளைச்சு வளைச்சு, கோலம் மாதிரி அழகாத்தான் இருந்துது, ஆனா...

இருங்க.

அது கையெழுத்தா?

அந்தப் பொம்பளை கையெழுத்தா?

இல்ல தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன். தண்ணி வேண்டாம். நீங்க சொல்லுங்க. மெதுவாச் சொல்ல வேண்டாம், எனக்குக் காது நல்லாக் கேக்கும். அந்தக் காலத்துல நோட்டு பேங்குக்கு வந்ததும் தலைவரும் கேசியரும் பேனாவால கையெழுத்துப் போட்டாத்தான் அது நோட்டு, அப்பிடியா? கையெழுத்து இருக்கதுக்கும் இல்லாததுக்கும் அவ்வளவு வித்தியாசமா. சரி. அழுக்கோட, மடிப்போட, வந்தது வந்த மாதிரி இருந்தாத்தான் மதிப்பு. கழுவுனா, கஞ்சி போட்டா, இஸ்திரி போட்டா வாங்குதவன் தொட மாட்டான். இந்த நீலம் எந்தக் காலத்துலயும் போகாது. பொட்டு வச்ச குங்குமக் கறையும் போகாது. சரி. எல்லாமுமா? ஒண்ணுகூட மிச்சமில்லையா? நான் ஒண்ணைக்கூட விடல தம்பி. ஒண்ணை விட்டா அது எச்சிலாக் கெடக்குமேன்னு எல்லாத்தையும் தேடித் தேடி எடுத்துக் கழுவினேன்.

அதைக் காட்டத்தான் அன்னைக்குக் கூப்பிட்டாகளா. எனக்கு அவ பேரு என்னன்னுகூடத் தெரியாதே. அந்தக் கையெழுத்தை ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல, இது கிறுக்கல் இல்லன்னு. தண்ணியில ஊதாவா ஓடும்போது நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நல்லதாப் போச்சுன்னு சொன்னேன். வாய் விட்டுச் சொன்னேன் தம்பி, போட்டோவைப் பாத்து, அழுக்கு எல்லாம் போயிருச்சு பாத்தீகளான்னு சொன்னேன்.

சாவியைக் குடுத்தாகளே. கையில வச்சு விரலை மடக்கி விட்டாகளே. அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தொடாதன்னு ஆயுசு பூரா சொன்ன மனுசன், எதுக்குத் தொடக்கூடாதுன்னு ஒரு நாள் சொல்லல. நான் என்ன நினைச்சேன், என் கையி அவுகளுக்கு அருவருப்புன்னு நினைச்சேன். இத்தனை வருசமும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன், சத்தியமாச் சொல்லணும். இதைத் தண்ணியில போடுததுக்கு முன்னால இதோட மதிப்பு என்ன? விலை வேண்டாம், விலையைச் சொல்லாதீங்க, எனக்குத் தாங்காது. அவுக வாங்குனது சரியான நோட்டுத்தானா? ஏமாத்தி வித்ததா, பாத்து வாங்குனதா?

எல்லாமே பாத்து வாங்குனதா. ஒண்ணுகூடத் தப்பா எடுக்கலியா. இந்த ஊரு நோட்டை நீங்க புஸ்தகத்துலதான் பாத்திருக்கீங்களா, நேர்ல பாத்ததே இல்லியா? இத்தனை வருசமா இதே வேலையா இருக்க நீங்களேவா? அப்ப அவுகளுக்குக் கண்ணு இருந்துருக்கு. கப்பல்ல எஞ்சினுக்கு எண்ணெய் விடுத மனுசன், எங்கயோ ஒரு கடையில நின்னு, இத்தனைக்குள்ள இதுன்னு பொறுக்கி எடுத்துருக்காக. எனக்குச் சிரிக்கணுமா அழணுமான்னு தெரியல தம்பி. எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா.

அந்தச் சத்தம் தளவாய் பைக்குத்தான். வந்துட்டான். வாசல்ல நிறுத்துதான். பொண்டாட்டியையும் கூட்டியாந்திருக்கான், பேச்சுக் கேக்கு. அவளும் கேக்கட்டும்.

வேண்டாம் தம்பி, அப்பிடிச் சொல்ல வேண்டாம். நீங்க நல்ல மனசு, எனக்காகச் சொல்லுதீங்க. நல்ல மதிப்பு இருக்குன்னு பொதுவாச் சொல்லிட்டுப் போயிருவீங்க. நாளைக்கே அவன் வா மதினி விப்போம்னு ஒண்ணைத் தூக்கிட்டு எங்கயாவது போவான். அங்க ஒருத்தன் இது ஒண்ணுத்துக்கும் ஆகாதும்பான். அப்ப தளவாய் என்ன சொல்லுவான்? பாத்தீங்களா எங்க அண்ணன் ஏமாந்துட்டான்னு மறுபடியும் அதைத்தான் சொல்லுவான். எங்க போனாலும் கடைசியில பழி அவுக தலையில வந்து விழும். செத்த மனுசன், எழுந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியாது.

உள்ளதைச் சொல்லுங்க. இது அசல், உங்க அண்ணன் மாதிரி பாத்து வாங்குத ஆளை நான் பாத்ததில்லன்னு மொதல்ல சொல்லுங்க. அதைச் சத்தமாச் சொல்லணும், அவன் பொண்டாட்டிக்கும் கேக்கணும். பொறவு, இதைக் கெடுத்தது இந்தப் பொம்பளைன்னு என்னைக் காட்டிச் சொல்லுங்க. கஞ்சி போட்டது, நீலம் விட்டது, கையெழுத்தை அழிச்சது, ஒண்ணு விடாமச் சொல்லுங்க. அவன் சிரிப்பான். சிரிச்சுட்டுப் போகட்டும். நாளைக்கு மார்க்கெட்டு பூரா சொல்லுவான், மதினி புத்தி கெட்ட கோட்டிக்காரி, அண்ணன் சேத்து வச்ச சொத்தைப் பூந்திக்கொட்டை போட்டுக் கழுவிட்டான்னு. சொல்லட்டும். அப்பவும் 'அண்ணன் சேத்து வச்ச சொத்து'ன்னுதானே சொல்லியாகணும் அவன்.

வா தளவாய். உள்ள வாங்க ரெண்டு பேரும். இவுகதான் மெட்ராஸ்லேருந்து வந்தவுக, எல்லாத்தையும் பாத்து முடிச்சுட்டாக. உக்காரு, அந்தப் போட்டோவுக்கு நேரா உக்காரு.

சொல்லுங்க தம்பி. என் மூஞ்சியைப் பாக்காதீங்க, பாத்தா உங்களுக்குச் சொல்ல வராது.